ஒரு படி இறங்கிய பொறியாளர்

இயந்திரம் அறிந்த பெண்கள் – 9

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் லலிதாவைச் சேர்ப்பதற்காக அவருடைய அப்பா பப்பு சுப்பா ராவ், கல்லூரி முதல்வரிடமும் மாகாணக் கல்வி இயக்குநரிடமும் பேச வேண்டியிருந்ததைப் போன வாரம் பார்த்தோம். அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பதினெட்டு வயதில் கணவரை இழந்து கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண், மின் பொறியாளர் ஆனார் என்றால் அதற்கு அவருடைய மூளை ஒரு காரணம். வழி தெரிந்த அப்பா இன்னொரு காரணம்.

அதற்கு ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, பூமிப்பந்தின் மறுபக்கத்தில், வேறொரு பெண்ணும் வகுப்பறையில் உட்கார அனுமதி கேட்டு நின்றார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் என்ற கடலோர ஊர். பெண்ணின் பெயர் மேரி வின்ஸ்டன் ஜாக்சன். அவருக்காகப் பரிந்து பேசப் பேராசிரியர் அப்பா யாரும் இல்லை. மனுவைத் தானே எடுத்துக்கொண்டு நகர நிர்வாகத்திடம் போனார்.

மேரி ஜாக்சன் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் என்பது ‘ஹிடன் ஃபிகர்ஸ்’ படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். படம் முடிகிற இடத்துக்குப் பிறகும் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். 1979இல், ஐம்பத்தெட்டு வயதில், பொறியாளர் பதவியை விட்டுவிட்டு அதைவிடக் குறைந்த தரத்தில் ஒரு நிர்வாக வேலைக்குத் தானே விரும்பி மாறினார். பட்டமும் பதவியும் படாத பாடுபட்டு வாங்கிய ஒருவர் அப்படி ஏன் செய்ய வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை தேடினால் அவருடைய முழு வாழ்க்கையும் வேறு மாதிரி தெரிகிறது.

‘கம்ப்யூட்டர்’ என்றால் மனிதர்

மேரி 1921இல் ஹாம்ப்டனில் பிறந்தவர். ஊரிலேயே இருந்த கறுப்பினத்தவருக்கான ஹாம்ப்டன் கல்லூரியில் கணிதமும் இயற்பியல் அறிவியலும் படித்து 1942இல் பட்டம் வாங்கினார். பக்கத்து மாநிலமான மேரிலாந்தில் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியை. பிறகு ஊர் திரும்பி வரவேற்பாளர், கணக்கெழுதுபவர், ராணுவ அலுவலகத்தில் செயலாளர் என்று கிடைத்த வேலைகளைப் பார்த்தார். இரட்டைப் பாடத்தில் தேறிய பட்டதாரி ஒன்பது ஆண்டுகள் அலைந்து பார்த்த வேலைகள் இவை. படிப்புக்கேற்ற வேலை அதே ஊரில், சில மைல் தொலைவில் இருந்தது.

அந்த இடம் லாங்லி ஆய்வுக்கூடம். நாசாவுக்கு முந்தைய அமைப்பான நாகா 1917இல் தொடங்கிய விமான ஆராய்ச்சி நிலையம். ஆய்வுகளில் கிடைக்கும் எண்களைக் கூட்டிப் பெருக்கி, வரைபடமாக்கித் தரும் வேலையைப் பெண்கள் செய்தார்கள். அவர்களுடைய பதவியின் பெயரே ‘கம்ப்யூட்டர்’. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆள் பற்றாக்குறை வந்தது. பாதுகாப்புத் துறை வேலைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று 1941இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஆணையும் போட்டிருந்தார். 1943இல் கறுப்பினப் பெண்களும் உள்ளே வந்தார்கள். வந்தவர்களை மேற்குப் பகுதிக் கட்டடம் ஒன்றில் தனியாக உட்கார வைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தனி மேசை, தனிக் கழிப்பறை. அந்தப் பிரிவுக்குத் தலைவர் டோரதி வான். 1951இல் மேரி அங்கே சேர்ந்தார்.

இரண்டு ஆண்டுகள் போயின. ஒரு நாள் கிழக்குப் பகுதியில் வெள்ளையினப் பெண்களோடு வேலை செய்ய மேரியை அனுப்பினார்கள். கழிப்பறை எங்கே என்று அங்கிருந்த பெண்களிடம் கேட்டார். ‘உன்னுடைய கழிப்பறை எங்கே என்று எங்களுக்கு எப்படித் தெரியும்’ என்கிற தோரணையில் சிரித்தார்கள். கொதித்துப்போய்த் திரும்பும் வழியில் காசிமிர் சார்னெக்கி என்ற பொறியாளரைச் சந்தித்தார். மேலதிகாரியிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்கிற எச்சரிக்கையெல்லாம் அந்த நிமிடத்தில் மேரிக்கு மறந்துவிட்டது. மனதில் இருந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தார். கேட்டுக்கொண்டிருந்த சார்னெக்கி சொன்ன பதில், “எங்கள் பிரிவுக்கு வேலைக்கு வந்துவிடுங்கள்” என்பதுதான்.

காற்றைக் கட்டிப்போடும் சுரங்கம்

சார்னெக்கியின் பிரிவு வைத்திருந்தது நான்கடிக்கு நான்கடி அளவுள்ள மீயொலிக் காற்றுச் சுரங்கம். 60,000 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் அதற்குள் காற்றைச் செலுத்தும். ஒலியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். விமானம் வானத்தில் பறப்பதற்குப் பதிலாக, விமானத்தின் மாதிரியைக் கட்டி நிறுத்திவிட்டுக் காற்றை அதன் மேல் பறக்க விடுவார்கள். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெப்பம் என்பதை அளப்பார்கள்.

கிடைத்த எண்களைக் கணக்குப் போடுவதோடு சார்னெக்கி மேரியை நிறுத்தவில்லை. மாதிரியைப் பொருத்துவது, சுரங்கத்தை இயக்குவது, சோதனையைத் திட்டமிடுவது எல்லாவற்றிலும் இறக்கிவிட்டார். அந்த நாட்களில் ஒரு முறை பிரிவுத் தலைவர் ஜான் பெக்கர், மேரி கொடுத்த கணக்கு தப்பு என்றார். மேரி விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் வரி வரியாகப் பார்த்தபோது, பெக்கர் கொடுத்திருந்த ஆரம்ப எண்களிலேயே பிழை இருந்தது. பெக்கர் மன்னிப்புக் கேட்டார். நிலையம் முழுக்க அந்தச் செய்தி பரவியது.

பொறியாளர் பயிற்சியில் சேரும்படி யோசனை சொன்னதும் சார்னெக்கிதான். அதற்கு முதுகலைத் தரத்தில் கணிதமும் இயற்பியலும் படிக்க வேண்டும். வர்ஜீனியா பல்கலைக்கழகம் அந்த வகுப்புகளை மாலையில் நடத்தியது. நடத்திய இடம் ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளி. வெள்ளையினப் பிள்ளைகளுக்கு மட்டுமேயான பள்ளி அது.

படத்தில் இந்த இடத்தில் ஒரு நீதிமன்றக் காட்சி வரும். மேரி நீதிபதியின் அருகே போய் உருக்கமாகப் பேசுவார். அது திரைக்கதை. உண்மையில் நடந்தது, நகர நிர்வாகத்திடம் சிறப்பு அனுமதி கேட்டு மனு கொடுத்ததும் அது கிடைத்ததும்தான். எனக்கு அந்த வறண்ட காட்சியே பெரிதாகப் படுகிறது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954லேயே தீர்ப்பு சொல்லியிருந்தது. வர்ஜீனியா அரசியல்வாதிகள் அந்தத் தீர்ப்பை அமல்படுத்தாமல் இருக்க எல்லா வழியும் பார்த்தார்கள். பிரின்ஸ் எட்வர்ட் என்ற மாவட்டத்தில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிட மூடுவது மேல் என்று 1959இல் அரசுப் பள்ளிகளை மூடி, ஐந்து ஆண்டுகள் பூட்டியே வைத்தார்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில், இரண்டு குழந்தைகளின் தாய், தன் சொந்த ஊரில், தான் கட்டும் வரியில் நடக்கும் பள்ளிக்குள் நுழைய அனுமதி கேட்டார். 1956இல் உள்ளே போனார். இத்தனை காலம் தன்னை வெளியே நிறுத்திய பள்ளி எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒரு கற்பனை இருந்திருக்கும். கண்டதோ பாழடைந்த, புழுக்க வாடை வீசும் பழைய கட்டடம். இந்த இடத்தைக் காப்பாற்றத்தான் இவ்வளவு சட்டமும் காவலுமா என்று அவர் வியந்துபோனதாக, அவர் கதையை நூலாக எழுதிய மார்கோட் லீ ஷெட்டர்லி பதிவு செய்கிறார்.

கூம்பின் முனையில் என்ன நடக்கிறது?

1958இல் மேரி பொறியாளர் ஆனார். அதே ஆண்டு சார்னெக்கியோடு சேர்ந்து அவர் எழுதிய முதல் ஆய்வறிக்கை வெளிவந்தது. ஒலியைவிட வேகமாகப் போகும் கூம்புகளின் மேல் காற்று எங்கே தடம் மாறுகிறது, முனையின் கோணமும் வேகமும் அதை எப்படிப் பாதிக்கின்றன என்பது பொருள்.

குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் குச்சி போல அசையாமல் இறங்கும். இன்னும் திறந்தால் ஒரு கட்டத்தில் கலங்கிச் சிதறும். பறக்கும் பொருளின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று உண்டு. அதிலும் இதே கதை நடக்கும். முனைக்கு அருகில் படலம் சீராக வழுக்கிப் போகும். கொஞ்ச தூரம் போனதும் கொந்தளிக்கத் தொடங்கும். கொந்தளித்தால் உராய்வு கூடும், வெப்பமும் கூடும். ஏவுகணையின் மூக்கோ, விண்ணிலிருந்து காற்று மண்டலத்துக்குள் திரும்பும் கலமோ, சூடு தாங்குமா என்பதைத் தீர்மானிப்பதில் அந்த மாறும் புள்ளிக்குப் பெரும் பங்கு உண்டு. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் கவசத்தை எவ்வளவு தடிமனாகச் செய்வது என்று முடிவெடுக்க முடியும். மேரி அடுத்த பல ஆண்டுகள் இந்தப் படலத்தின் பின்னாலேயே போனார். பரப்பில் சின்னச் சொரசொரப்பு இருந்தால் என்ன ஆகும், மேடு பள்ளம் இருந்தால் என்ன ஆகும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பத்துப் பன்னிரண்டு அறிக்கைகள் எழுதினார்.

நாகா நாசாவாக மாறியதும் 1958 அக்டோபரில்தான். கறுப்பினப் பெண்களைத் தனியே வைத்திருந்த மேற்குக் கணக்கீட்டுப் பிரிவும் அந்த ஆண்டோடு கலைக்கப்பட்டது.

வீட்டுக் கொல்லையிலும் ஒரு பொறியியல்

வேலை நேரம் போக மேரி செய்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அதுவே இன்னொரு பணிக்காலம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாரணியர் படைக்குத் தலைவியாக இருந்தார். ஒரு முறை சிறுமிகள் கைதட்டி நாட்டுப்பாட்டு ஒன்று பாடினார்கள். துள்ளிக் குதித்துப் பஞ்சு பறிப்பதைக் குதூகலமாகச் சொல்லும் பாட்டு. அந்தப் பஞ்சைப் பறித்தவர்கள் அந்தச் சிறுமிகளின் முன்னோர், அடிமைகளாகப் பறித்தவர்கள். பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொன்ன மேரி, இனி இதைப் பாட வேண்டாம் என்று காரணத்தையும் விளக்கினார். பொறியியலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். தன்னைப் பற்றித் தாழ்வாகச் சொல்லும் பாட்டைச் சிரித்துக்கொண்டே பாடப் பழகிய குழந்தை, பெரியவளானதும் வகைக்கெழுச் சமன்பாடு தனக்கானது என்று எப்படி நம்பும்?

1960இல் மகன் லீவை எஞ்சின் இல்லாத மர வண்டிப் பந்தயத்தில் கலந்துகொண்டான். சரிவில் உருட்டிவிட்டால் தானாக ஓடும் வண்டி. பிள்ளைகள் தாங்களே செய்ய வேண்டும் என்பது விதி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காற்றுத் தடையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். மெலிந்த உடலோடு செய்த அந்த வண்டி அந்த வட்டாரப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது. கறுப்பினப் பிள்ளை ஒருவன் அங்கே வென்றது அதுதான் முதல் தடவை. பெரியவனானதும் என்ன ஆவாய் என்ற கேள்விக்கு, அம்மாவைப் போலப் பொறியாளர் ஆவேன் என்றான் பையன். அந்தக் காலத்து அமெரிக்காவில், வெள்ளையினப் பையன்களிலேயே எத்தனை பேரால் அப்படிச் சொல்லியிருக்க முடியும்?

1970களில் ஊர்ச் சமூகக்கூடத்தின் அறிவியல் மன்றப் பிள்ளைகளோடு சேர்ந்து புகை விட்டுப் பார்க்கும் சிறிய காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டினார். கறுப்பின விஞ்ஞானிகள் இருக்கிறார்கள் என்பதும், இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதும் பிள்ளைகளுக்குக் காலம் கடந்த பிறகே தெரிகிறது என்பது அவருடைய ஆதங்கம். லாங்லிக்குப் புதிதாக வேலைக்கு வந்து ஊர் பழகாமல் தவிக்கும் இளைஞர்களுக்கு மேரியின் வீடு எப்போதும் திறந்தே இருந்தது.

விடுபட்ட இரண்டு பாடங்கள்

இவ்வளவும் செய்துகொண்டிருந்தவர் 1979இல் தன் நிலையைக் கணக்குப் பார்த்தார். பொறியாளராக எட்டக்கூடிய உயரத்தை எட்டியாகிவிட்டது. அதற்கு மேலே நிர்வாகப் பதவிகள். அங்கே பெண்களைக் காணோம். பல ஆண்டுகள் காத்திருந்தும் அடுத்த உயர்வு வரவில்லை. அப்போது பெண் ஊழியர்களின் முன்னேற்றத்துக்கான திட்ட மேலாளர் வேலை காலியானது. அதை எடுத்தால் தரம் ஒரு படி குறையும். எடுத்தார்.

புது நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் செய்தது, ஒரு பொறியாளர் பழுதுபட்ட இயந்திரத்தை என்ன செய்வாரோ அதைத்தான். எங்கே அடைப்பு என்று தேடினார். தேடியபோது கண்டவை சாதாரணமானவை. ஒரு பெண்ணுக்கு உயர்வு கிடைக்காததற்குக் காரணம், அவர் கல்லூரியில் எடுக்காமல் விட்ட இரண்டு பாடங்கள். இன்னொருவருக்கு அவர் வேலை செய்யும் பிரிவு. வேறொருவருக்கு அவரிடம் தரப்படும் வேலையின் வகை. இவற்றுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத கூரை.

இதில் மேரி அதிகம் கவனம் வைத்தது பதவிப் பெயரில். லாங்லியில் பெண்களைக் ‘கணிதவியலாளர்’ என்று எடுப்பார்கள். அதே படிப்புள்ள ஆண்களைப் ‘பொறியாளர்’ என்று எடுப்பார்கள். உயர்வுக்கான ஏணி இரண்டாவது பெயருக்கு நீளம். கிறிஸ்டின் டார்டன் என்ற கறுப்பினப் பெண் 1967இல் கணிதத்தில் முதுகலைப் பட்டத்தோடு அங்கே வந்தும் கணக்குப் போடும் பிரிவில்தான் உட்கார வைக்கப்பட்டார். சில ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆண்களுக்கு மட்டும் ஏன் வேறு வேலை என்று நேராக மேலதிகாரியிடம் போய்க் கேட்டார். கேட்ட பிறகு பொறியியல் பிரிவுக்கு மாற்றினார்கள். பின்னாளில் அவர் முனைவர் பட்டம் பெற்று, மீயொலி விமானங்கள் எழுப்பும் பேரொலியைக் குறைக்கும் ஆராய்ச்சியில் பேர் வாங்கினார். டார்டனுக்குக் கேட்கும் துணிச்சல் இருந்தது. கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்பதே தெரியாத பெண்கள் எத்தனையோ பேர். எந்தப் பாடத்தைப் படித்தால் பதவிப் பெயர் மாறும், யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர்களை உட்கார வைத்துச் சொல்வதை மேரி தன் வேலையாக்கிக்கொண்டார். சார்னெக்கி தனக்குச் செய்ததை, முன்பின் தெரியாத பெண்களுக்கும் கிடைக்கும் அலுவலக நடைமுறையாக்க முயன்றார். 1985இல் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

மேரி செய்ததைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தான் ஒருத்தி இன்னும் ஒரு படி ஏறக் காத்திருப்பதா, பலர் ஏறும் இடத்தில் போய் நிற்பதா என்று தெளிவாகக் கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது. ஆனால் அந்தக் கணக்கில் நாசாவின் பங்கும் இருக்கிறது. காற்றுப் படலத்தைப் பற்றி இருபது ஆண்டுகள் ஆராய்ந்த ஒரு பொறியாளரை நாசா இழந்தது. பெண்களைத் தூக்கிவிடும் வேலைக்குப் பொறியாளர் வேலையைவிடக் குறைந்த மதிப்பு வைத்ததும் நாசாதான். வழிகாட்டுவது அவ்வளவு முக்கியம் என்று மேடையில் பேசும் நிறுவனங்கள், அதைச் செய்கிறவரின் சம்பளத் தரத்தைப் பார்த்தால் தங்கள் உண்மையான எண்ணம் என்ன என்று தெரிந்துகொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. கதவு சாத்தப்பட்டவர்களே உள்ளே வந்ததும் பிறருக்குக் கதவு திறக்கும் வேலையையும் சுமக்கிறார்கள். சாத்தியவர்களுக்கு அந்த வேலை ஒருபோதும் வருவதில்லை.

மேரி 2005இல் காலமானார். பாராட்டுகள் பின்னால் வந்தன. 2019இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம். 2020இல் வாஷிங்டனில் உள்ள நாசா தலைமையகக் கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்டுவதாக அறிவிப்பு. அதற்கு முன்பு, 2018இல், சால்ட் லேக் நகரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. அடிமைகளை வைத்திருந்த அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் நினைவாக அமைந்த பள்ளி அது. அது மேரி டபிள்யூ. ஜாக்சன் பள்ளி ஆனது.

இவற்றில் எந்தக் கௌரவமும் அவர் ஏன் படி இறங்கினார் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது அந்த விடுபட்ட இரண்டு பாடங்கள். பெண்கள் தொழில்நுட்பத்தில் நிலைக்காததற்கு ஆர்வமின்மை, குடும்பச் சூழல் என்று பெரிய பெரிய காரணங்களை அடுக்குகிறோம். அவையும் உண்மைதான். ஆனால் எத்தனையோ பெண்கள் நின்றுபோனது, இரண்டு தேர்வு எழுதினால் தீரக்கூடிய சின்னத் தடையின் முன்னால். தடை சின்னது என்று சொல்ல அங்கே ஆளில்லை, அவ்வளவுதான். அப்படிச் சொல்லும் ஆளை ஒவ்வோர் அலுவலகமும் சம்பளம் கொடுத்து, உரிய தரம் கொடுத்து வைத்திருந்தால், அடுத்த மேரி தன் சுரங்கத்தை விட்டு வெளியே வர வேண்டிய அவசியம் இருக்காது.

(அடுத்த வாரம்: 1962, இங்கிலாந்து. குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட பெண் நிரலாளர்களை வீட்டிலிருந்தபடியே வேலை செய்ய வைத்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார் ஸ்டெபனி ஷர்லி. அவர் எழுதிய வணிகக் கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கையெழுத்தை ‘ஸ்டீவ்’ என்று மாற்றிப் போட்டதும் பதில்கள் வரத் தொடங்கின.)